சின்க்ரோட்ரான் விஞ்ஞானிக்குப் பிரிவு விழா: அவர் உண்மையில் என்ன செய்தார்?

இந்த வகைச் செய்தி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏதோ ஒரு சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் பெரிய வளையம்) ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த படிகவியலாளர் ஓய்வு பெறுகிறார். அவரைக் கௌரவிக்க ஒரு நாள் கருத்தரங்கு நடக்கிறது, ஆய்விதழ் சிறப்பிதழ் கொண்டுவருகிறது, நோபல் பெற்றவர்கள்கூட வந்து நன்றி சொல்கிறார்கள். படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். இவர் எதைக் கண்டுபிடித்தார்? இணையத்தில் தேடினால் அவர் பெயரோடு ஒட்டிய பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் கிடைக்காது. பிறகு ஏன் இத்தனை பெரிய மனிதர்கள் வருகிறார்கள்?

பதில் அந்தத் துறை இயங்கும் விதத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, படிகம் என்றால் என்ன, அதன் மேல் ஏன் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறார்கள் என்பதிலிருந்து வர வேண்டும்.

படிகத்துக்குள் என்ன தேடுகிறார்கள்

ஒரு மருந்து உடலில் எந்தப் புரதத்தின் எந்த மூலையில் போய் ஒட்டுகிறது, ஒரு நொதி எந்த இடத்தில் மூலக்கூறை வெட்டுகிறது என்பதெல்லாம் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பிணைந்த இரண்டு அணுக்களுக்கு இடையே ஒன்று முதல் இரண்டு ஆங்ஸ்ட்ராம் தூரம் இருக்கும். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 4000 ஆங்ஸ்ட்ராமில்தான் தொடங்குகிறது. எனவே சாதாரண நுண்ணோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அணு தெரியாது. எக்ஸ் கதிரின் அலைநீளம் இந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இதில் இரண்டு தடைகள். அணு அளவுக்குப் பிம்பம் காட்டும் எக்ஸ் கதிர் லென்ஸ் கிடையாது. அதோடு, ஒற்றைப் புரத மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் அளக்க முடியாத அளவுக்குச் சொற்பம். படிகம் இரண்டாவது தடையைத் தாண்ட உதவுகிறது. அதில் ஒரே மூலக்கூறு கோடிக்கணக்கில், ஒரே வரிசையில், ஒரே முகமாக அடுக்கப்பட்டிருக்கிறது. மைதானத்தின் மறுகோடியில் ஒருவர் பேசினால் கேட்காது. ஆயிரம் பேர் சேர்ந்து ஒரே முழக்கத்தை எழுப்பினால் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். படிகம் செய்வது அதைத்தான். சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் கதிர்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தி, உணர்கருவியில் புள்ளி புள்ளியாக விழுகின்றன. இதற்கு விளிம்பு விளைவுப் படம் என்று பெயர். ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் அளந்து, கணக்குப் போட்டு, அணுக்களின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

1912இல் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனையில் இது தொடங்கியது. வில்லியம் பிராக், அவர் மகன் லாரன்ஸ் பிராக் இருவரும் அதைக் கட்டமைப்பு காணும் முறையாக மாற்றினார்கள். 1915இல் இருவருக்கும் நோபல் கிடைத்தபோது மகனுக்கு வயது 25. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட உப்புப் படிகம் போன்றவற்றில் அணுக்கள் கொஞ்சம். புரதத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை 1930களின் நடுவில் படமெடுத்தார். அதன் கட்டமைப்பு வெளிவந்தது 1969இல். நடுவே அவர் பென்சிலின், பி12 வைட்டமின் ஆகியவற்றின் கட்டமைப்புகளைக் கண்டு 1964இல் நோபலும் வாங்கிவிட்டார். இன்சுலின் மட்டும் காத்திருந்தது.

எலக்ட்ரானைத் திருப்பினால் ஒளி

சின்க்ரோட்ரான் என்றதும் துகள்களை மோதவிடும் இயந்திரம் நினைவுக்கு வரலாம். இங்கே பேசுவது வேறு. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்களை ஒரு வளையத்தில் மணிக்கணக்கில் சுற்றவிடுகிறார்கள். காந்தத்தால் பாதை வளையும் ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான் கொஞ்சம் ஆற்றலைக் கதிராக உமிழ்கிறது. அந்தக் கதிர்தான் இங்கே விளைச்சல். இழந்த ஆற்றலை ரேடியோ அலைவரிசைக் குழிவுகள் ஒவ்வொரு சுற்றிலும் திருப்பிக் கொடுக்கின்றன.

இந்த ஒளியை முதலில் கண்ணால் பார்த்தது 1947இல், அமெரிக்காவில் ஸ்கெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில். துகள் இயற்பியலாளர்களுக்கு அது தொல்லை. கஷ்டப்பட்டு ஏற்றிய ஆற்றல் வீணாகக் கசிகிறது என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். அந்தக் கசிவை வேறொருவர் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் வலுப்பெற இருபது வருடங்களுக்கு மேல் ஆனது.

1971இல் ஹாம்பர்க்கின் டெய்ஸி ஆய்வகத்தில் கெர்ட் ரோஸன்பாம், கென் ஹோம்ஸ், ஜான் விட்ஸ் மூவரும் ஒரு பூச்சியின் பறக்கும் தசையை அந்தக் கதிரில் வைத்துப் படமெடுத்துக் காட்டினார்கள். 1976இல் ஸ்டான்ஃபோர்டில் கீத் ஹாட்ஜ்ஸனின் குழு புரதப் படிகங்களில் இது வேலை செய்யும் என்று நிறுவியது. அதுவரை எல்லாமே துகள் இயற்பியலாளர்களின் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு செய்த வேலை. அவர்கள் இயந்திரத்தை எப்போது எப்படி ஓட்டுகிறார்களோ, அதற்கேற்பக் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ் கதிருக்காகவே கட்டிய வளையம் இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் 1980களின் தொடக்கத்தில் வேலைக்கு வந்தது. பெயர் எஸ்ஆர்எஸ். கோமாரி நோய் வைரஸின் கட்டமைப்பு (1989), ஜான் வாக்கருக்கு 1997இல் நோபல் வாங்கித் தந்த எஃப்1 ஏடிபேஸ் நொதியின் கட்டமைப்பு (1994) இரண்டுக்கும் தரவு அங்கே எடுத்ததுதான். அப்புறம் வந்தவை பெரிய வளையங்கள்: பிரான்சில் கிரெனோபிளின் இஎஸ்ஆர்எஃப் 844 மீட்டர் சுற்றளவு, அமெரிக்காவில் ஆர்கான் ஆய்வகத்தின் ஏபிஎஸ் 1104 மீட்டர், ஜப்பானின் ஸ்பிரிங்-8 1436 மீட்டர். மூன்றும் 1994க்கும் 1997க்கும் இடையே பயனாளர்களுக்குத் திறந்தவை. இவற்றில் அண்டுலேட்டர் என்ற காந்த வரிசை எலக்ட்ரானை நெளிநெளியாக ஓடச்செய்து, ஊசிமுனை போல மெல்லிய, மிகப் பிரகாசமான கற்றையைத் தருகிறது.

கட்டச் சிக்கல்: பிரகாசத்தைவிடப் பெரிய லாபம்

சின்க்ரோட்ரானின் பயன் அதன் பிரகாசம்தான் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். பாதிதான் சரி. புரதப் படிகவியலை மாற்றியது இன்னொரு குணம். அலைநீளத்தை நம் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம்.

விஷயம் இதுதான். உணர்கருவியில் விழும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு அலை. அலைக்கு வீச்சு உண்டு, கட்டமும் உண்டு. கட்டம் என்பது அலையின் மேடு எந்த இடத்தில் வருகிறது என்ற தகவல். பிரகாசத்தை அளந்தால் வீச்சு கிடைக்கும், கட்டம் தொலைந்துவிடும். அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடவோ இரண்டும் தேவை. போதாக்குறைக்கு, இரண்டில் முக்கியமானது கட்டம்தான்.

மாக்ஸ் பெரூட்ஸ் 1950களில் பாதரசம் போன்ற கனமான அணுவைப் புரதத்தில் ஏற்றி, ஏற்றாத படிகத்தோடு ஒப்பிட்டு இதைத் தீர்த்தார். முறை நல்லதுதான். ஆனால் கன உலோகக் கரைசலில் ஊறவைத்தால் பல படிகங்கள் கெட்டுப்போகும், அல்லது உருவம் லேசாக மாறி ஒப்பீடு பயனில்லாமல் போகும்.

வேறொரு வழி உண்டு. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் எக்ஸ் கதிரை உறிஞ்சும் அளவு திடீரென ஏறும். அதை உறிஞ்சல் விளிம்பு என்கிறார்கள். அந்த விளிம்பின் பக்கத்தில் அந்த அணு கதிரைச் சிதறடிக்கும் விதமும் மாறும். விளிம்பிலும் அதை ஒட்டியும் தள்ளியும் சில அலைநீளங்களில் ஒரே படிகத்தைப் படமெடுத்தால், அந்தச் சிறு வேறுபாடுகளிலிருந்து கட்டத்தைக் கணக்கிடலாம். இரண்டாவது படிகம் தேவையில்லை. பல அலைநீள முறை என்று இதைச் சொல்லலாம். இதை வளர்த்தெடுத்ததில் வேய்ன் ஹென்ட்ரிக்ஸனின் பங்கு பெரியது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலுள்ள கந்தகத்துக்குப் பதில் செலினியத்தை வைத்து, பாக்டீரியாவையே அந்தப் புரதத்தைத் தயாரிக்கவைக்கும் உத்தியை அவர் குழு 1990இல் கொண்டுவந்தது. அதன் பிறகு புதுக் கட்டமைப்புகள் வெளிவந்த வேகமே மாறியது.

செலினியத்தின் விளிம்பு 12,658 எலக்ட்ரான் வோல்ட்டில் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு இது) இருக்கிறது. உபயோகமான பகுதி சில எலக்ட்ரான் வோல்ட் அகலம்தான். ஆய்வுக்கூடத்து எக்ஸ் கதிர்க் குழாய் தாமிரம் போன்ற உலோகத்தின் ஒன்றிரண்டு நிலையான அலைநீளங்களையே தரும். விளிம்பின் மேல் போய் நிற்க சின்க்ரோட்ரானை விட்டால் வழியில்லை. அங்கே போய் நின்றபின் நகராமல் இருப்பதுதான் கஷ்டம். ஓய்வு பெறும் நம் விஞ்ஞானியின் வேலை இந்த இடத்தில் தொடங்குகிறது.

பீம்லைன்: வளையத்துக்கும் படிகத்துக்கும் நடுவே

வளையத்திலிருந்து கதிரை வெளியே எடுத்து, வேண்டிய அலைநீளத்தைப் பிரித்து, குவித்து, படிகத்தின் மேல் விழவைக்கும் சில பத்து மீட்டர் நீளமுள்ள அமைப்புக்குப் பீம்லைன் என்று பெயர். ஒரு வளையத்தைச் சுற்றிப் பல பத்துப் பீம்லைன்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சில விஞ்ஞானிகள் பொறுப்பு. பீம்லைன் விஞ்ஞானி என்பது இவர்கள்தான். இயந்திரத்தை ஓட்டுபவர் என்று சில செய்திகள் எழுதிவிடுகின்றன. வளையத்தை ஓட்டுவது வேறு அணி. இவர் பார்க்கும் வேலை தோராயமாக இவை.

1. அலைநீளத்தைப் பிடித்து நிறுத்துவது. மோனோகுரோமேட்டர் என்ற கருவியில் சிலிக்கான் படிகங்கள் இருக்கும். பிராக் விதிப்படி, படிகத்தைச் சற்றுத் திருப்பினால் வேறு அலைநீளம் வெளியே வரும். செலினியத்தின் விளிம்பருகே ஒரு எலக்ட்ரான் வோல்ட் நகர, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கோணம் போதும். அந்தச் சிலிக்கான் துண்டின் மேல்தான் அண்டுலேட்டரின் முழுச் சூடும் விழுகிறது. சூட்டில் அது விரிந்து, மேற்பரப்பு லேசாக வீங்கினால் கற்றையும் கெடும், அலைநீளமும் நகரும். பல பீம்லைன்களில் இதைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். சும்மா சூட்டைத் தணிக்க மட்டும் இல்லை. சிலிக்கான் சுமார் 125 கெல்வினில் வெப்பத்துக்கு விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. அந்த வெப்பநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் சூடு பட்டாலும் வடிவம் கெடாது. சிலிக்கானின் இந்த விசித்திர குணம் இல்லையென்றால் இன்றைய பீம்லைன்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். நைட்ரஜன் ஓடும் குழாயின் அதிர்வு கற்றையை ஆட்டாமல் பார்த்துக்கொள்வது இதன் அடுத்த தலைவலி.

2. கற்றையும் படிகமும் சந்திப்பது. நல்ல புரதங்கள் பெரிய படிகம் தரும், முக்கியமான புரதங்கள் பெரும்பாலும் தராது. பிரையன் கோபில்காவுக்கு 2012இல் நோபல் வாங்கித் தந்த ஆய்வில், செல் சவ்விலுள்ள ஏற்பிப் புரதத்தின் படிகங்கள் மிகச் சிறியவை. தலைமுடியின் தடிமனைவிடக் குறுகலான கற்றை இல்லாமல் அவற்றை அளந்திருக்க முடியாது. கற்றை படிகத்தைவிடப் பெரிதாக இருந்தால், சுற்றியுள்ள திரவம் சிதறடிக்கும் கதிரில் படிகத்தின் புள்ளிகள் மூழ்கிவிடும். அளவெடுக்கும்போது படிகத்தைச் சுழற்றவும் வேண்டும். சுழற்றும் கருவியின் அச்சு ஓரிரு மைக்ரான் விலகினாலும் படிகம் கற்றையை விட்டுப் போய்விடும். இதைச் சரிசெய்ய நாள்கணக்கில் ஆகலாம். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அதற்கு ஒரு வரிகூட வராது.

3. படிகம் சாவதற்குள் வேலையை முடிப்பது. எக்ஸ் கதிர் படிகத்தைப் படமெடுத்துக்கொண்டே அழிக்கிறது. படிகத்தைச் சுமார் 100 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 173 டிகிரிக்கு, சட்டென்று உறையவைத்தால் ஆயுள் பல மடங்கு கூடும். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் படிகங்களை அடா யோனத் இப்படிக் காப்பாற்றினார். இதில் ஹாக்கோன் ஹோப் அவருக்குத் துணை. ஆனாலும் எல்லை உண்டு. எல்ஸ்பெத் கார்மன் குழு 2006இல் அந்த எல்லையைச் சோதனை மூலம் சுமார் 3 கோடி கிரே (ஒரு பொருள் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) என்று அளந்தது. மனிதரைக் கொல்ல சில கிரே போதும் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய அளவு என்பது புரியும். இன்றைய பிரகாசமான கற்றைகளில் கவனிக்காமல் விட்டால் அந்த எல்லையைச் சில நொடிகளில் தாண்டிவிடலாம். அதைவிட ஆபத்தான விஷயம், புள்ளிகள் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே புரதத்துக்குள் கந்தகப் பிணைப்புகள் உடையத் தொடங்கிவிடும். அறியாதவர் அந்த உடைப்பை உயிரியல் நிகழ்வு என்று எண்ணிக் கட்டுரையே எழுதிவிடலாம். கற்றையைக் குறை, படிகத்தை வேறு இடத்துக்கு நகர்த்து என்று பக்கத்தில் நின்று சொல்லும் ஆள் இங்கே கட்டமைப்பின் சரி தவறையே தீர்மானிக்கிறார்.

4. உணர்கருவி, மென்பொருள், ரோபோ. ஃபிலிம் போய் இமேஜ் பிளேட், அது போய் சிசிடி, 2007க்குப் பிறகு ஒவ்வொரு ஃபோட்டானையும் எண்ணும் பிலாட்டஸ் வகை உணர்கருவிகள், அப்புறம் நொடிக்கு நூறு படத்துக்கு மேல் எடுக்கும் ஐகர். ஒருவரின் பணிக்காலத்துக்குள்ளேயே இத்தனை மாற்றமும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருள் திணறும், தரவை எங்கே சேமிப்பது என்ற கேள்வி எழும், எல்லாம் முதலிலிருந்து.

5. ஆட்களோடு வேலை. வளையம் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். பயனாளர்கள் விண்ணப்பம் போட்டு, நிபுணர் குழு தேர்ந்தெடுத்தபின், எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் பீம்டைம் பெறுகிறார்கள். முடிவைப் பொதுவில் வெளியிடுபவர்களுக்கு பல ஆய்வகங்களில் கட்டணமில்லை; ரகசியமாக வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் பணம் கட்டும். ஒரு மாணவர் இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்த படிகத்தோடு வந்திருப்பார். இரவு இரண்டு மணிக்குக் கற்றை காணாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்பது சுவரில் எழுதியிருக்கும்.

ஐந்தாவதைக் கடைசியில் வைத்தாலும், நன்றி சொல்ல வருகிறவர்களின் நினைவில் முதலில் வருவது அதுதான்.

பெயர் எங்கே போகிறது

ஒரு கட்டமைப்பு வெளிவந்ததும் அதன் விவரங்கள் புரதத் தரவு வங்கியில் சேர்க்கப்படும். 1971இல் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கியில் இன்று 2 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் சமர்ப்பித்தவர்களின் பெயர்கள் இருக்கும். எந்தச் சின்க்ரோட்ரான், எந்தப் பீம்லைன், எந்த அலைநீளம், எந்த உணர்கருவி என்பதும் இருக்கும். பீம்லைன் விஞ்ஞானியின் பெயருக்கு அதில் இடம் கிடையாது.

கொரோனா வைரஸின் முக்கியப் புரோட்டியேஸ் நொதியின் முதல் கட்டமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 2020 தொடக்கத்தில், உலகம் அந்த நோயின் பெயரையே கற்றுக்கொண்டிருந்த நேரத்தில், அது 6எல்யு7 என்ற எண்ணில் வங்கிக்கு வந்துவிட்டது. பல மருந்துத் தேடல்களுக்கு அது தொடக்கப் புள்ளி. பதிவைத் திறந்தால் ஷாங்காய் சின்க்ரோட்ரான், பிஎல்17யு1 என்ற பீம்லைன் என்று இருக்கும். அந்தப் பீம்லைனை அன்று ஓடும் நிலையில் வைத்திருந்தது யார் என்று பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கட்டுரைகளிலும் இதே கதை. எழுதாத ஒரு வழக்கம் இருக்கிறது: வழக்கமான உதவி என்றால் கட்டுரையின் கடைசியில் நன்றி, யோசனையிலோ முறையிலோ பங்களித்தால் ஆசிரியர் பட்டியலில் இடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் கோடு எங்கே என்று தீர்மானிப்பது பயனாளர். படிகம் சாகாமல் காப்பாற்றிய யோசனை அவருக்கு வழக்கமான உதவியாகத் தெரியலாம். வேலையை எவ்வளவு சிரமம் தெரியாமல் செய்தாரோ, அவ்வளவுக்கு அது உதவி என்ற கணக்கில் சேரும். திறமை கூடக்கூட ஒருவரின் பங்கு மறையும் துறைகளில் இது ஒன்று.

கருவி செய்பவர்களுக்கு மேற்கோள் எண்ணிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. ஷெல்எக்ஸ் என்ற படிகவியல் மென்பொருளை எழுதிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக், அதன் வரலாற்றைச் சொல்லும் ஒரு கட்டுரையை 2008இல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் வெளியிட்டார். மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அந்தக் கட்டுரையைச் சுட்டும்படி கேட்டுக்கொண்டார். இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை பிறர் சுட்டுகிறார்கள் என்று காட்டும் தாக்கக் குறியீடு அதுவரை சுமார் 2 என்றிருந்தது, ஒரே தாவலில் ஏறக்குறைய 50க்குப் போனது. ஷெல்ட்ரிக்கின் உழைப்பு அந்த வருடத்தில் திடீரென்று பெருகிவிடவில்லை. பல வருட உழைப்பைச் சுட்டிக்காட்ட அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே முகவரி கிடைத்தது. பீம்லைன்களும் இன்று தங்கள் அமைப்பை விவரிக்கும் கட்டுரை ஒன்றை வெளியிட்டு, அதைச் சுட்டச் சொல்கின்றன. ஓரளவு பயன் உண்டு. ஆனால் கட்டுரை வெளியானபின் சேர்ந்த இளையவருக்கு அதில் இடமில்லை, அவர் பதினைந்து வருடம் அதை ஓட்டினாலும்.

அப்படியானால் விழா எதற்கு

இந்தப் பின்னணியில் பார்த்தால் பிரிவு விழாக்களின் உருவம் புரியும்.

முதலாவது, கருத்தரங்கு. அங்கே பேச வருகிறவர்கள் பெரும்பாலும் முன்னாள் பயனாளர்கள். ஒவ்வொருவரும் தங்கள் கட்டமைப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். வெளியாள் பார்த்தால், விழா நாயகரை விட்டுவிட்டுத் தங்கள் பெருமையைப் பேசுகிறார்களே என்று தோன்றும். உண்மையில் அந்த உரைகளை வரிசையாக வைத்தால் கிடைப்பதுதான் அவருடைய பணிப் பட்டியல். வேறெங்கும் அது ஒரே இடத்தில் இல்லை. நோபல் பெற்றவர்கள் வருவதும் இதனால்தான். 2003இல் ராடரிக் மக்கின்னன், 2006இல் ராஜர் கோர்ன்பர்க், 2009இல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் என்று சின்க்ரோட்ரான் தரவை நம்பிப் பரிசு வென்றவர்கள் பலர். ரைபோசோம் போன்ற பிரம்மாண்ட மூலக்கூறில் ஒரு பீம்லைனின் நிலைத்தன்மை கொஞ்சம் பிசகியிருந்தாலும் கட்டமைப்பு வந்திருக்காது என்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, சிறப்பிதழ். கருவி பற்றிய நுணுக்கங்களை வெளியிட இடம் குறைவு. ஒருவரின் பெயரைச் சொல்லி இதழ் கொண்டுவரும்போது, பல வருடம் மேசை இழுப்பறையில் கிடந்த அளவீடுகளும் உத்திகளும் அச்சுக்கு வருகின்றன.

பரிசுகளும் உண்டு. சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் மூன்று வருடத்துக்கு ஒரு முறை தரும் எவால்ட் பரிசு, ஸ்வீடன் அறிவியல் அகாதெமியின் அமினாஃப் பரிசு முதலியவை முறைகளை உருவாக்கியவர்களையும் கணக்கில் எடுப்பவை. ஆனால் அவை புது முறை கண்டவருக்கு. முறையை இருபது வருடம் தடங்கலில்லாமல் ஓடவைத்தவருக்கு என்று தனிப் பரிசு எதுவும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. என் கணிப்பில் பிரிவு விழா அந்தக் குறையை நிரப்பப் பார்க்கிறது. பணியில் இருக்கும்போது பதவி உயர்வுக் குழு கேட்க வேண்டிய சாட்சியங்களை, பணி முடிந்தபின் மேடையில் கேட்கிறோம். தாமதம்தான்.

ஏன் இப்போது இத்தனை பேர்

கணக்கு எளிது. இஎஸ்ஆர்எஃப், ஏபிஎஸ், ஸ்பிரிங்-8 மூன்றும் 1990களில் திறந்தபோது முப்பது வயதை ஒட்டி வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இப்போது அறுபதைத் தாண்டுகிறது. டேர்ஸ்பரி போன்ற முந்தைய வளையங்களில் தொழில் கற்றவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள், அல்லது போகிறார்கள். எஸ்ஆர்எஸ் வளையமே 2008இல் ஓய்வு பெற்றது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த என்எஸ்எல்எஸ் வளையம் 2014இல் மூடப்பட்டது.

இதே நேரத்தில் வளையங்களும் பிரித்துக் கட்டப்படுகின்றன. இஎஸ்ஆர்எஃப் 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, புது வளையத்தோடு 2020 ஆகஸ்டில் பயனாளர்களுக்குத் திரும்பத் திறந்தது. ஏபிஎஸ் 2023இல் நிறுத்தப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. வளையம் மாறினால் கற்றையின் அளவும் விரிவும் மாறும். ஒவ்வொரு பீம்லைனிலும் கண்ணாடி, மோனோகுரோமேட்டர், படிகத்தைச் சுழற்றும் அச்சு எல்லாவற்றையும் திரும்பச் சீரமைக்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் மிகவும் தேவைப்படும் காலமும் அவர் ஓய்வு பெறும் காலமும் இப்படி ஒன்றாக வந்து சேர்கின்றன.

அவர் எடுத்துச் செல்வது எது? வரைபடங்களும் நிரல்களும் இருக்கும். எழுதப்படாமல் போவது வேறு வகை அறிவு. படத்தில் புள்ளிகள் ஒரு பக்கம் லேசாக நீண்டிருந்தால் குற்றம் படிகத்திலா, கற்றையிலா, சுழலும் அச்சிலா? அனுபவசாலி ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், எப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியாது. எஸ்ஆர்எஸ் மூடப்பட்டபோது அதன் கருவிகள் சில ஜோர்டானின் செசமி வளையத்துக்கு அனுப்பப்பட்டன. இந்த அறிவை அப்படிப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. ஒரு வருடமாவது பழையவரும் புதியவரும் பக்கத்தில் பக்கத்தில் வேலை பார்க்க வேண்டும். பணியிடம் காலியான பிறகுதான் அடுத்தவரை எடுப்போம் என்ற விதி உள்ள நிறுவனத்தில் இது நடக்காது.

தொலைவிலிருந்தே பீம்லைனை இயக்கும் வசதி இன்னொரு சிக்கலைச் சேர்த்திருக்கிறது. படிகங்களைத் திரவ நைட்ரஜன் குடுவையில் கூரியரில் அனுப்பிவிட்டு, ரோபோவை வீட்டிலிருந்தே ஓட்டலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பல பீம்லைன்கள் இதனால்தான் தொடர்ந்து ஓடின. ஆனால் இன்றைய மாணவர் பலருக்குப் பீம்லைன் விஞ்ஞானி என்பவர் மின்னஞ்சலில் வரும் ஒரு பெயர். நேரில் பார்க்காத ஒருவரின் பங்கை ஆசிரியர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தோன்றுவது இன்னும் அரிது.

ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே?

இந்தச் செய்திகளுக்குக் கீழே தவறாமல் வரும் கேள்வி இது. புரதக் கட்டமைப்பைக் கணினியே கணிக்கிறது, 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்குத்தான் போனது, பிறகு படிகம் எதற்கு? 2017இல் நோபல் பெற்ற உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி படிகமே இல்லாமல் பெரிய மூலக்கூறுகளைக் காட்டுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய வேலையில் ஒரு பகுதி போய்விட்டது என்பது உண்மை. கட்டச் சிக்கலுக்கு இன்று பல நேரம் ஆல்ஃபாஃபோல்டின் கணிப்பையே தொடக்க மாதிரியாக வைத்துத் தீர்வு காண்கிறார்கள். செலினியம் ஏற்ற வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆனால் ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது புரதத் தரவு வங்கியிலிருந்து, அதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு எக்ஸ் கதிர்ப் படிகவியலின் விளைவு, அண்மைத் தசாப்தங்களில் பெரும்பகுதி சின்க்ரோட்ரானில் எடுத்த தரவு.

வேலையின் திசையும் மாறியிருக்கிறது. ஒரே புரதத்தின் நூற்றுக்கணக்கான படிகங்களில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு சிறு மூலக்கூறை ஊறவைத்து, எது எங்கே ஒட்டுகிறது என்று வரிசையாகப் பார்க்கும் துணுக்குத் தேடல் இன்று மருந்தாய்வில் வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தின் டைமண்ட் வளையத்தில் கொரோனா புரோட்டியேஸுக்கு 2020இலேயே இதைச் செய்தார்கள். அறை வெப்பநிலையில் ஆயிரக்கணக்கான நுண்படிகங்களை ஒவ்வொன்றாகக் கற்றையில் ஓடவிட்டு, நொதி வேலை செய்யும் நேரத்திலேயே படமெடுக்கும் தொடர் படிகவியலும் வளர்கிறது. அதற்குப் படிகங்களைக் கற்றைக்குள் கொண்டுவந்து சேர்க்கும் புதுக் கருவிகள் வேண்டும், அவற்றைக் கற்றையோடு மைக்ரான் துல்லியத்தில் இணைக்க வேண்டும், நொடிக்கு நூற்றுக்கணக்கில் வரும் படங்களில் உபயோகமானவற்றை உடனே பிரிக்க வேண்டும். அந்த வேலைகளுக்கான ஆள்தேர்வு விளம்பரங்களில் கேட்கும் தகுதிகளைப் படித்தால், ஓய்வு பெற்றுப் போனவர் முப்பது வருடம் செய்ததையே வேறு சொற்களில் கேட்கிறார்கள் என்று தெரியும்.